இலை உதிரும் காலமும் எங்கள் வீட்டுக் காய்ச்சலும்



"நம்ம நாட்டுக்கு ஏது வசந்த காலம்? வெயில் ஒண்ணு, மழை ஒண்ணு, அவ்வளவுதானே!" என்று டவுனில் இருப்பவர்கள் சொல்வார்கள். பால்மரம் வெட்டிப் பிழைக்கிற நமக்கல்லவா தெரியும், நமக்கும் ஒரு வசந்தம் உண்டென்று! தை பிறந்து வெயில் ஏறினால் கித்தா மரத்து இலை பழுக்கும், பிறகு கொட்டும். நிரை நிரையாக மரங்கள் மொட்டையாக நிற்கும். காலடியில் சருகு சலசலக்கும். சில வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் விடும். பார்க்கக் கண்ணுக்கு அழகுதான். ஆனால் வாளியில் பால் இருக்காது. பால் இல்லையென்றால் கையில் காசும் இருக்காது.

அந்த நேரத்தில்தான் வானமும் புத்தி மாறும். தையும் மாசியும் கெடாப் பக்கம் காய்ந்து கிடக்கும். கிணறு இறங்கும், புல் கருகும். பங்குனி பிறந்ததும் காலையில் தலை வெடிக்கிற வெயில், மாலையில் இடி மின்னலோடு மழை. மறுநாள் மறுபடியும் வெயில். மேற்குக் கரையில் சித்திரை, வைகாசி வரைக்கும் இப்படித்தான் ஓடும். உடம்பு எதற்குப் பழகும், சொல்லுங்கள்!

மரத்துக்கே அந்தப் பருவம் ஆகாது. தளிர் விடும்போது மழையும் பனியும் சேர்ந்தால் இளம் இலையில் வெள்ளைப் பூஞ்சை பிடித்து, விட்ட தளிரும் கொட்டிப் போகும். அதற்காகக் கந்தகத் தூள் அடிப்பார்கள். மரத்துக்கு வந்த நோயைப் பார்த்துவிட்டு மருந்தடிக்க ஆள் அனுப்பும் நாம், நம் வீட்டுப் பிள்ளைக்கு வந்த நோயை எப்படிப் பார்க்கிறோம்? அதைத்தான் இன்றைக்கு எழுத வந்தேன். ஊரார் கதை இல்லை, என் சொந்த வீட்டுக் கதை. என் தவறும் இதில் இருக்கிறது. மறைக்கவில்லை.

தகரம் பறந்த ராத்திரி

2019ஆம் ஆண்டு. கெடாவில் எங்கள் தோட்டம். நான் பால்மரம் வெட்டுகிறவள். வீட்டுக்காரர் செம்பனையில் பழம் வெட்டுகிறவர். வீட்டில் மாமியார், இரண்டாம் படிவம் படிக்கும் பெரியவன், நாலாம் வகுப்பு மகள், மூன்று வயதுச் சின்னவன். லயத்து வீட்டில் ஆறு பேர். அஞ்சடியில் ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு சாமி மேடை, பின்னால் குசினி. எங்கள் அரண்மனை அவ்வளவுதான்!

இலை கொட்டியதும் எங்கள் தோட்டத்தில் வெட்டை நிறுத்தி, தளிர் முற்றும் வரைக்கும் வெளிக்காட்டு வேலைக்குப் போகச் சொல்வார்கள். வெட்டு நின்ற மரங்களில் மங்குகள் கம்பியில் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு தொங்கும். அந்த மங்குகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மாசி கடைசியில் முதல் மழை வந்தது. மழையா அது! சாயங்காலம் ஆறு மணிக்கு வானம் கறுத்து, காற்று சுழன்றடித்து, குசினி மேலிருந்த இரண்டு தகரம் பறந்து முன் லயத்து வாழைத் தோப்பில் போய் விழுந்தது. "ஐயோ, அடுப்பு நனையுதே!" என்று மாமியார் கத்த, வாளி, பேசின், பழைய பெயிண்டு டின், ஈயச்சட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒழுகுகிற இடத்தில் வைத்தோம். ராத்திரி முழுக்க டொக்கு டொக்கென்று சொட்டுச் சத்தம். சின்னவனுக்கு அதுவே தாலாட்டு. எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் ஆபீசில் சொன்னோம். "ஆள் வரும்" என்றார்கள். ஆள் வரப் பத்து நாளாயிற்று. அதுவரை வாளியும் டின்னும் அங்கேயே இருந்தன. தகரம் போட்ட பிறகு வாளியை எடுத்தோம். டின்களைத் தூக்கிக் குசினிக்குப் பின்னால் போட்டோம். தண்ணீரோடுதான் போட்டோம்.

அந்த வாரம் வீட்டில் எல்லாருக்கும் சளி, இருமல். சின்னவனுக்கு மூக்கில் வாய்க்கால். மாமியார் ஓமவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிந்து கொடுத்தார். நெஞ்சில் தைலம் தடவினார். நாலைந்து நாளில் எல்லாருக்கும் சரியாயிற்று. "பாத்தியா, நம்ம கைமருந்து!" என்று அவருக்கு ஒரு பெருமை. நியாயமான பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையே பிறகு எங்களுக்கு வினையாயிற்று.

சடக்கில் விழுந்த கதை

பங்குனி நடுவில் ஒருநாள் விடியற்காலை. முதல் நாள் மழையில் செம்மண் சடக்கு சோப்புப் போட்டது போல் வழுக்கியது. வரக்கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குக் கிளம்பினார் வீட்டுக்காரர். ஐந்தாவது நிமிடத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கிப் பாலத்துப் பக்கம் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு முதலில் ஒரு மாத எம்.சி. கொடுத்தார்கள்.

ஆபீசில் எம்.சி.யைக் கொடுத்தபோது சொன்ன பதிலைக் கேளுங்கள். "வேலை செய்யுற எடத்துல விழலியே! ரோட்டுல விழுந்ததுக்குத் தோட்டம் என்ன செய்யும்? வீட்டுல விழுந்ததாப் போட்டு மெடிக்கல் லீவ்ல கழிச்சுக்குங்க."

இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். "எதுக்கு வம்பு? மேல பேசினா நல்ல நிரைய மாத்திடுவாங்க" என்றார். அந்த வருடம் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி. இரண்டு பேர் சம்பளத்தில் ஓடிய குடும்பத்தில் ஒரு கை முறிந்தால் வண்டி எப்படி ஓடும்?

அன்று சாயங்காலம் கோயில் பக்கம் சங்கத் தலைவரைப் பார்த்தேன். விவரம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தங்கச்சி, சம்பளச் சீட்டுல மாசா மாசம் சொக்சோன்னு வெட்டுறாங்களே, அது எதுக்குன்னு நெனச்சே? வீட்டுல இருந்து நேர் வழியில வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வரும்போதோ அடிபட்டா, அதுவும் வேலை விபத்துதான். நடுவுல சொந்த வேலையா வேற பக்கம் திரும்பியிருந்தாத்தான் தகராறு. உன் வீட்டுக்காரர் எங்க போனாரு? பெரட்டுக்குத்தானே போனாரு?"

இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாத சங்கதி. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடப்பதுதான் இந்த சொக்சோ. இப்போது பெர்கேசோ என்கிறார்கள். வேலை விபத்து என்று ஏற்றுக்கொண்டால், வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். எம்.சி. குறைந்தது 4 நாளாவது இருக்க வேண்டும். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நாம் உடனே சொன்னால்தான் அவர்களுக்கும் உடனே தெரியும். "அப்புறம் சொல்லிக்கலாம்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால் நமக்குத்தான் நட்டம்.

மறுநாள் தலைவர் கூடவே வந்தார். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. எந்தச் சடக்கு, எந்த இடம், எத்தனை மணி, பார்த்தவர் யார் என்று ஒரு தாளில் எழுதி, வழியைப் படமாகவும் போட்டு, எம்.சி.யோடு வைத்தார். பாரம் பூர்த்தியாகிப் போயிற்று. பணம் வரச் சில வாரம் பிடித்தது. ஆனால் வந்தது! அதற்குள் வீட்டில் வேறு இடி விழுந்துவிட்டது.

மகளுக்குக் காய்ச்சல்

ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அஞ்சடியில் விளையாடிக்கொண்டிருந்த மகள் வந்து என் மடியில் படுத்தாள். உடம்பு கொதிக்கிறது. "தலை வலிக்குதும்மா, கண்ணுக்குப் பின்னாடி வலிக்குது" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பனடோல் கொடுத்தார். ஒரு வார்த்தையும் தெளிவாகச் சொன்னார்: "மூணாவது நாளும் காய்ச்சல் இருந்தா கட்டாயம் கொண்டு வாங்க, ரத்தம் பார்க்கணும். வயித்து வலி, வாந்தி இருந்தா நாளைக் கணக்குப் பார்க்காம உடனே வாங்க."

செவ்வாய் காய்ச்சல். புதன் காய்ச்சல். மூன்றாவது நாள் வந்துவிட்டது. நான் போகவில்லை.

ஏன் போகவில்லை? வீட்டுக்காரர் கையில் கட்டு. ஏற்கெனவே ஒருநாள் வேலை போயிற்று. டவுனுக்குப் போகக் கார் கூலி வேண்டும். "கிளினிக்ல ஒரு வெள்ளிதான், ஆனா போய் வர்ற காசு?" என்று கணக்குப் பார்த்தேன். மாமியாரும், "சளிக் காய்ச்சல்தாம்மா, போன வாட்டி நான் கொடுத்த சாத்துல சரியாகலியா?" என்றார். அதையே சாக்காக எடுத்துக்கொண்டேன். மாமியார் மேல் பழி போடவில்லை. கிளினிக்கில் டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டவள் நான்.

வியாழக்கிழமை காலை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது! காய்ச்சல் விட்டுவிட்டது. "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்து, நிம்மதியாகப் பெரட்டுக்குப் போனேன்.

பத்து மணி இருக்கும். புல்லுக் காட்டில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு அக்காள் மகன் மோட்டாரில் வந்து, "சித்தி, பாட்டி ஒங்களக் கூப்பிடுது. தங்கச்சி வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கு" என்றான். மண்டோரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

மகள் பாயில் சுருண்டு கிடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். கையும் காலும் ஜில்லிட்டிருந்தன. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறாள். "காலையில இருந்து ஒண்ணுக்கே போகலம்மா" என்றார் மாமியார். பல் ஈறில் லேசாக ரத்தக் கசிவு.

சீட்டுப் பணத்தில் எடுத்து வைத்திருந்த 150 வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டு, பக்கத்து வீட்டார் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் மகள் தலை என் தோளில் துவண்டு துவண்டு விழுந்தது. அந்த நாற்பது நிமிடத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

"காய்ச்சல் விட்டதுதான் ஆபத்து!"

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டிங்கி. ரத்தத்தில் பிளேட்லெட் என்று ஒன்று இருக்கிறதாம். ரத்தம் உறைய அது வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது, என் மகளுக்கு 41,000 இருந்தது. உடனே கையில் ஊசி குத்திக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். ஒவ்வொரு சில மணி நேரத்துக்கும் ரத்தம் பார்த்தார்கள்.

"காலையில காய்ச்சல் விட்டுடுச்சே டாக்டர், எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

வார்டு டாக்டர் இளைஞர், நம் தமிழ்ப் பையன். பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, டிங்கியில காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்தான நேரம். மூணாம் நாள்ல இருந்து ஏழாம் நாள் வரைக்கும் கவனமா இருக்கணும். ரத்தக் குழாய்ல இருக்கிற நீர் வெளியில கசிஞ்சிடும். ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் எறங்கும். அந்த ஒண்ணு ரெண்டு நாளத் தாண்டிட்டா பிள்ளை தேறிடும். தாண்டலைன்னா…"

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த 2019ஆம் ஆண்டு மட்டும் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி வந்தது. 182 பேர் இறந்தார்கள். 182 பேர் என்றால் பேப்பரில் ஓர் எண். அன்று வார்டில் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஓர் எண்ணாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை 33,000. சனிக்கிழமை 28,000. மலாய்க்கார மிஸி ஒருவர் ராத்திரி என் பக்கத்தில் வந்து, "சபார் காக்கா, பொறுமையா இருங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சித்திரை முதல் நாள். லயத்தில் மாவிலை கட்டிப் பாயசம் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்தப் புத்தாண்டு வார்டில் பிறந்தது. காலையில் மகள் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். அதைவிடப் பெரிய பாயசம் எனக்கு வேண்டாம்! அன்று எண்ணிக்கை 35,000. ஏறத் தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை 62,000. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கொசு எங்கே பிறந்தது?

நாங்கள் திரும்பி வருவதற்குள் சுகாதார இலாகா ஆட்கள் லயத்துக்கு வந்து புகை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுபடியும் வந்து வீடு வீடாகப் பார்த்தார்கள். எங்கள் வீட்டிலும் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம். "நாங்க தினம் கூட்டிப் பெருக்குற வீடுங்க. சாக்கடையைப் போய்ப் பாருங்க" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச் லைட்டை அடித்துக் காட்டினார். சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் கிண்ணம். உள்ளே சின்னச் சின்னப் புழுக்கள் நெளிகின்றன. சாமி மேடையில் பூச்செடிக் குச்சி வைத்த ஜாடி. அதிலும் புழு. குசினிக்குப் பின்னால் நாங்களே தூக்கிப் போட்ட பெயிண்டு டின். கேட்கவே வேண்டாம்!

பிறகு லயத்துக்குப் பின்னாலிருந்த கித்தா நிரைக்கு அழைத்துப் போனார். வெட்டு நிறுத்திய மரத்து மங்கு ஒன்றைக் கழற்றிக் காட்டினார். பாதி மழைத் தண்ணீர், ஒரு பழுத்த இலை, பத்திருபது புழு. அடுத்த மரம், அதற்கடுத்த மரம், எல்லாம் அப்படித்தான். ஒரு நிரையில் எத்தனை மங்கு? ஒரு தோட்டத்தில் எத்தனை நிரை? நம் கையால் கட்டிய மங்கிலேயே நம் பிள்ளைக்கு எமன் பிறந்திருக்கிறான்!

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிங்கிக் கொசு சாக்கடையில் முட்டையிடாது. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரைத்தான் தேடும். காலில் வெள்ளை வரி போட்ட கறுப்புக் கொசு. இதில் இரண்டு வகை. ஒன்று வீட்டுக்குள் திரியும். மற்றது தோட்டத்துக் கொசு, மரம் செடிப் பக்கம் திரியும். மங்கில் பிறப்பது அந்த இரண்டாவது. இரண்டும் பகலில் கடிக்கும். விடிந்ததும் சில மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் சில மணி நேரம். நாம் மரம் வெட்டும் நேரமும், பிள்ளைகள் அஞ்சடியில் ஆடும் நேரமும் அதுதானே!

இன்னொரு சங்கதி. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. மாதக் கணக்கில் காய்ந்து கிடக்கும். மழைத் தண்ணீர் பட்டதும் பொரியும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். தையிலும் மாசியிலும் காய்ந்து கிடந்த மங்கு, பங்குனி மழையில் நிறைந்து, சித்திரைக்கு முன் காய்ச்சலாக வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. பாத்திரத்தை உட்புறம் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் சொன்னார்: "அந்தக் காலத்துல எங்க தோட்டத்துல கொசு எண்ணெய் அடிக்கிறதுக்குன்னே ஒரு ஆள் இருந்தாரு. முதுகுல டின்னைக் கட்டிக்கிட்டு ஓடை ஓடையாப் போவாரு. இப்ப அந்த ஆளும் இல்ல, ஆஸ்பத்திரியும் இல்ல, டிரெஸ்ஸரும் இல்ல."

உண்மைதான். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போயிற்று. 1901ஆம் ஆண்டு கிள்ளானில் டாக்டர் மல்கம் வாட்சன் சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் வாய்க்கால் வெட்டினார்கள், எண்ணெய் அடித்தார்கள். காய்ச்சல் குறைந்தது. மலேரியாக் கொசு ஓடையில் இருந்தது, நிர்வாகம் ஆள் வைத்து ஒழித்தது. டிங்கிக் கொசு நம் அலமாரிக் காலடியில் இருக்கிறது. அதை நாம்தான் ஒழிக்க வேண்டும். காட்டு மங்கை நிர்வாகமும் நாமும் சேர்ந்து கவிழ்க்க வேண்டும்.

நாங்கள் இப்போது செய்வது

அந்த வருடத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மண்டோரிடம் நாலு பெண்களாகப் போய்ப் பேசினோம். வெட்டு நிறுத்தும் கடைசி நாளில் ஒவ்வொருவரும் தன் நிரையில் மங்கைக் கம்பியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். அரைநாள் வேலைகூட இல்லை. ஆபீசிலும் சரி என்றார்கள்.

வீட்டில் வாரம் ஒருநாள், பத்து நிமிடம். எறும்புக் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் உப்பைக் கொட்டி வைக்கிறோம். சாமி ஜாடியைத் தேய்த்துக் கழுவுகிறோம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. பழைய டயர், டின், தேங்காய்ச் சிரட்டை வெளியில் கிடக்காது. இந்த வேலை பெரியவன் பொறுப்பு. தங்கச்சியை ஆஸ்பத்திரியில் பார்த்து வந்தவன், சொல்லாமலே செய்கிறான்.

காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியதை மாமியார் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னார். ஆமாம், மாமியாரேதான்! அதை அப்படியே உங்களுக்கும் தருகிறேன்:

காய்ச்சல் வந்த நாளையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வை. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன், போன்ஸ்டான் வேண்டாம், அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். தண்ணீர், கஞ்சி, பார்லி, இளநீர், பழச்சாறு அடிக்கடி கொடு. பிள்ளை நாலு மணி, ஆறு மணிக்கு ஒருமுறையாவது ஒண்ணுக்குப் போகிறதா என்று பார். மூன்றாம் நாள் கட்டாயம் ரத்தப் பரிசோதனை. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் ஜில்லிடுதல், துவண்டு தூங்குதல், இதில் ஒன்று கண்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று சும்மா இருக்காதே!

ஓமவல்லிச் சாறும் கஷாயமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சளிக்கு இன்னமும் மாமியார் கை மருந்துதான். ஆனால் கைமருந்து கைமருந்தாக இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியை அது மறிக்கக் கூடாது. ஒருமுறை டிங்கி வந்தால் மறுபடி வராது என்றும் நினைக்காதீர்கள். அந்தக் கிருமியில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் மற்ற வகை வரலாம், இரண்டாம் முறை இன்னும் கடுமையாகவும் இருக்கலாம்.

வேலை போய்விடுமே, சம்பளம் போய்விடுமே என்று உங்கள் உடம்பைக் கவனிக்காமல் விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கே உடம்பு சரியில்லையென்றால் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. வருடத்துக்கு, 2 வருடத்துக்குக் குறைவான சர்வீஸ் என்றால் 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 18 நாள், 5 வருடத்துக்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. எம்.சி. வாங்கினால் 48 மணி நேரத்துக்குள் ஆபீசில் தெரிவித்துவிடுங்கள். நமக்குள்ள உரிமையைத் தெரிந்துகொள்வது வம்பு ஆகாது.

இன்றைக்கு என் மகள் படிவம் எல்லாம் ஏறி, என் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறாள். ஒவ்வொரு வருடமும் கித்தா மரம் செம்புத் தளிர் விடும்போது, "அம்மா, மங்கைக் கவிழ்த்தாச்சா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். எனக்கு மட்டும் அந்தக் கார்ப் பயணம் நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசையும்.

சகோதரிகளே, நாளைக்குக் காலையில் பெரட்டுக்குப் போகும் முன், ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் பின்னால் ஒரு நடை போய்ப் பாருங்கள். என்ன நெளிகிறதென்று பார்த்துவிட்டு வந்து, பிறகு கோப்பி குடியுங்கள்!